ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு செல்களைப் பிரிப்பது

நூற்றுக்கணக்கானோரின் ரத்தத்தை ஒப்பிடும் ஆய்வில், செல்களை அளக்கும் மெஷினைவிட ரத்தம் எடுத்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம் என்பேன். ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள குழாயில் எடுத்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் வைத்து அன்றைக்கே பிரித்துவிடுங்கள். சம அளவு பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலைக் கலந்து, குழாயைச் சாய்த்து, ஃபிக்கால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் சுவரோடு மெல்ல ஊற்றுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசை), 30 நிமிடம், பிரேக் கட்டாயம் ஆஃப். இல்லாவிட்டால் அடுக்கு கலங்கிவிடும். மஞ்சள் பிளாஸ்மாவுக்குக் கீழே வெண்மேகம் போல மெல்லிய வளையம் தெரியும். லிம்போசைட், மோனோசைட் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் அதில்தான். அதை மட்டும் உறிஞ்சி இரண்டு முறை கழுவுங்கள். உறைய வைக்க 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. (உறையும்போது செல்களைக் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு 1 டிகிரி குளிர்ச்சி, அப்புறம் திரவ நைட்ரஜன்.

ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரால் அளக்கும் மெஷின்) ஒவ்வொரு பேட்சிலும் ஒரே நபரின் செல்களையும் சேர்த்து ஓட்டுங்கள். வித்தியாசம் நோயாலா, அன்றைய சாயத்தாலா என்று அப்போதுதான் தெரியும்.