பெற்றோரை ஒன்ராறியோவுக்கு அழைப்பவர்களே, ‘ஃபுல் செக்கப்’புக்கு முன் இதைப் படியுங்கள்

நிரந்தர வதிவிடத்தோடு வரும் அப்பா, அம்மாவுக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டை எடுப்பது இப்போது சுலபம். முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆவணங்களோடு சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரச சேவை நிலையத்துக்குப் போனால் போதும். குடும்ப வைத்தியர் கிடைக்கத்தான் நாள் எடுக்கும்; வந்த கிழமையே தேடத் தொடங்குங்கள்.

பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வருபவர்களுக்கு ஓஹிப் இல்லை. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் காப்பீடு வாங்கித்தான் அழைத்திருப்பீர்கள். பொறி இருப்பது இங்கேதான்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கட்டினால், கொலஸ்ட்ரோலில் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்து அறிக்கையைக் கையில் தந்துவிடுவார்கள். பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் அதைச் செய்வது பிள்ளையின் கடமை என்று நாம் நினைக்கிறோம். என் நண்பரும் அப்படித்தான் நினைத்தார். சூப்பர் விசாவில் வந்திருந்த அவருடைய தகப்பனாருக்கு 74 வயது. ஒரு வருத்தமும் இல்லை. விடிந்தால் பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். அவரை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கைக்காசு கட்டி எல்லா இரத்தப் பரிசோதனைகளையும் செய்வித்தார். அந்தப் பட்டியலில் பி.எஸ்.ஏ.யும் இருந்தது. சுக்கிலச் சுரப்பியில் (புரொஸ்டேட்) வரும் புற்றுநோயைத் தேடும் பரிசோதனை அது. அளவு சற்றுக் கூடியிருந்தது. விசேட வைத்தியரிடம் காட்டும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

சில வாரங்களில் காப்பீட்டைப் புதுப்பித்தார்கள். அதன்பின் ஓர் இரவு ஐயாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அவசரப் பிரிவு, குழாய், வைத்தியசாலையில் தங்கல் என்று கட்டணம் ஏறியது. காப்பீட்டு நிறுவனம் ஒரு சதமும் தரவில்லை. இப்படியான ஒப்பந்தங்களில் ‘நிலையான உடல்நிலை’ என்றொரு விதி இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் புதிய பரிந்துரையோ முடிவு தெரியாத பரிசோதனையோ இருந்தால், அது தொடர்பான செலவை அவர்கள் ஏற்கமாட்டார்கள். அந்தத் துண்டைக் காட்டியே மறுத்தார்கள்.

வயதான ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி பெருப்பது சாதாரணம். புற்றுநோய் இல்லாமலே பி.எஸ்.ஏ. ஏறும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் புற்றுநோயைத் தேடும் நோக்கில் அதைச் செய்யவேண்டாம் என்று தடுப்பு மருத்துவத்துக்கான கனடியப் பணிக்குழு 2014 இலேயே சொல்லிவிட்டது. காசை வாங்கியவர்கள் அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள் வழமையான பரிசோதனைகளை ஒருபோதும் விடக்கூடாது. சிறுநீரில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, நெஞ்சு நோ என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். காப்பீட்டை நினைத்து மறைக்காதீர்கள். ஓஹிப் உள்ளவர்களுக்கு 50 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெருங்குடல் புற்றுநோயைத் தேடும் மலப் பரிசோதனை இலவசம். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பலாம். 65 முதல் 70 வயதுவரை அக்கி அம்மைத் (ஷிங்கிள்ஸ்) தடுப்பூசியும் இலவசம். எலும்பின் அடர்த்தியை அம்மாவுக்குப் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். காது கேட்கிறதா, குளியலறையில் வழுக்குகிறதா என்று நீங்களே கவனியுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை, அரிஷ்டப் போத்தல் உட்பட, பையோடு வைத்தியரின் மேசையில் வையுங்கள். என் அம்மா ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தது அப்படித்தான் தெரியவந்தது. எந்த இரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டியிராது.

நோய்க்குறி இல்லாதவருக்கு யாராவது பரிசோதனை எழுதினால், “முடிவு கூடவோ குறையவோ வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? இந்த வயதில் அதனால் இவருக்கு என்ன நன்மை?” என்று கேளுங்கள். காப்பீட்டைப் புதுப்பிக்குமுன், கடைசியாக வந்த அறிக்கைகளையும் பரிந்துரைகளையும் முகவரிடம் கொடுத்து, எது அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள். “அது பிரச்சினை இல்லை, அண்ணை” என்ற வாய்ப்பேச்சை நம்பித்தான் நண்பர் கையெழுத்துப் போட்டார்.