தளம் நிற்காமல் புது ஐபிக்கு மாறுவது எப்படி?

சர்வரை மாற்றினால் தளம் சில மணி நேரம் படுத்துத்தான் ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் சர்வரின் ஐபி முகவரியைத் தரும் அமைப்பு) எண்ணை மாற்றிய நொடியே எல்லோரும் புது முகவரிக்கு வந்துவிட மாட்டார்கள். கொஞ்ச நேரத்துக்குச் சிலர் பழைய வாசல் வழியாகவும் சிலர் புது வாசல் வழியாகவும் வருவார்கள். அதுவரை இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும், டேட்டாபேஸ் மட்டும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு, உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் (பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள்), மரியாடிபி (டேட்டாபேஸ்) வைத்து ஓடும் ஒரு வேர்ட்பிரஸ் கடையை எடுத்துக்கொள்வோம். பழைய ஐபி 198.51.100.20, புதியது 203.0.113.10. (இரண்டும் விளக்கம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

படி 1: இரண்டு நாள் முன்பே டிடிஎல்லைக் குறையுங்கள்

உங்கள் டொமைனின் ஐபி என்ன என்று ஒருவரின் இணைய நிறுவனம் கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்தப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று சொல்வதுதான் டிடிஎல். அது 86400 என்று இருந்தால் ஒரு முழு நாள். இதை 300 ஆக்குங்கள், அதாவது ஐந்து நிமிடம்.

குறைத்த உடனே பலன் கிடைக்காது. திங்கள் காலை 9 மணிக்கு நீங்கள் குறைக்கிறீர்கள், 8:59க்கு ஒருவர் கேட்டிருக்கிறார் என்றால், அவரிடம் இருக்கும் பதில் செவ்வாய் காலை 8:59 வரை செல்லும். அதனால் பழைய டிடிஎல் முழுதும் கழியும்வரை பொறுத்திருங்கள். டெர்மினலில், டிஎன்எஸ் பதிலைக் காட்டும் டிக் (dig) கட்டளையை டொமைன் பெயருடன் கொடுத்துப் பாருங்கள். பதிலில் டொமைன் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் 300, 287, 261 என்று இறங்கிக்கொண்டே போகும். ‘டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும்’ என்று சொல்வார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. சேமித்த பதில்கள் இப்படிக் காலாவதி ஆகின்றன, அவ்வளவுதான்.

டிடிஎல்லைக் குறைத்த அதே டிஎன்எஸ் பக்கத்தில் ஏஏஏஏ ரெக்கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இது ஐபிவி6 என்ற புதுவகை, நீளமான ஐபி முகவரிக்கு உரியது. ஒருமுறை ஒரு கைத்தறிப் புடவைக் கடையின் தளத்தை மாற்றியபோது, நான் ஏ ரெக்கார்டை (மேலே உள்ளது போன்ற வழக்கமான ஐபிவி4 எண்ணுக்கு உரியது) மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டேன். என் வீட்டு இணைப்பில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மாலையில் கடைக்காரர் அழைத்தார்: “தம்பி, காலையில மாத்தின விலை கம்ப்யூட்டர்ல தெரியுது, போன்ல தெரியலையே?” அவருடைய மொபைல் இணைப்பு ஐபிவி6 வழியாகப் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருந்தது. ஜியோ உட்பட நம் மொபைல் வலையமைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால், இங்கே இதை மறந்தால் பாதி வாடிக்கையாளர்களை மறந்த மாதிரி.

படி 2: எல்லாவற்றையும் புது சர்வருக்கு நகலெடுங்கள்

கோப்புகளுக்கு ஆர்சிங்க் (நகலெடுக்கும் கருவி), டேட்டாபேஸுக்கு டம்ப் (முழுவதையும் ஒரே கோப்பாக எடுப்பது). தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். ஆர்சிங்க் அடுத்த முறை மாறியதை மட்டும் அனுப்பும், அதனால் கடைசி நகலுக்கு அதிக நேரம் பிடிக்காது.

எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழையும் இப்போதே நகலெடுத்துவிடுங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாக உங்கள் டொமைனைத் தேடி வந்து சரிபார்க்கும். டொமைன் இன்னும் பழைய ஐபியைக் காட்டுவதால், புது சர்வரில் புதிதாகக் கேட்டால் கிடைக்காது.

புது சர்வரில் கிரான் வேலைகளை (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஒரே நினைவூட்டல் மின்னஞ்சல் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை போகும்.

படி 3: உங்கள் கணினியில் மட்டும் மாற்றிப் பாருங்கள்

உங்கள் கணினி டிஎன்எஸ்ஸுக்கு முன்பே பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது ஐபியையும் டொமைன் பெயரையும் ஒரே வரியில் எழுதினால், உங்கள் கணினி மட்டும் புது சர்வருக்குப் போகும். லினக்ஸிலும் மேக்கிலும் இந்தக் கோப்பு இடிசி கோப்புறையில் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி. உள்நுழைந்து பாருங்கள், படம் ஏற்றுங்கள், தேடிப் பாருங்கள், ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்குங்கள்.

படி 4: பழைய வாசலைப் புது வீட்டுக்குத் திருப்புங்கள்

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டிஎன்எஸ்ஸைத் தொடும் முன்பே, பழைய சர்வரின் என்ஜின்எக்ஸைப் பிராக்சியாக மாற்றி, வரும் கோரிக்கைகளை எல்லாம் புது சர்வருக்கு அனுப்ப வையுங்கள். அப்போது யார் எந்த ஐபிக்கு வந்தாலும் ஆர்டர் ஒரே டேட்டாபேஸில்தான் விழும்.

கூட்டம் குறைந்த நேரமாக, அதிகாலை 3 மணி மாதிரி, தேர்ந்தெடுங்கள். முதலில் பழைய தளத்தில் ஆர்டர் வாங்குவதை நிறுத்துங்கள். பக்கங்கள் வழக்கம்போல் திறக்கட்டும். கடைசி ஆர்சிங்க், கடைசி டம்ப், புது சர்வரில் ஏற்றுதல். சின்னக் கடைக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம் பிராக்சியை இயக்கி, புது சர்வரில் ஆர்டரைத் திறந்துவிடுங்கள்.

பிராக்சி அமைக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்பதில் டொமைன் பெயரை எழுதாதீர்கள், 203.0.113.10 என்று எண்ணையே எழுதுங்கள். பெயரை எழுதினால் பழைய சர்வர் தன்னையே தேடிப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணை எழுதியதால், எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரில் டொமைன் பெயரைத் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பினால், எந்தத் தளத்தின் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லும் எஸ்என்ஐ பெயரையும் அனுப்பச் சொல்லுங்கள். என்ஜின்எக்ஸ் இதைத் தானாகச் செய்யாது. வாடிக்கையாளரின் உண்மையான ஐபியையும் ஹெட்டரில் கடத்துங்கள். இல்லாவிட்டால் புது சர்வருக்கு எல்லோரும் ஒரே ஆள் மாதிரி தெரிவார்கள், உங்கள் பாதுகாப்பு பிளகினே அந்த ஐபியைத் தடுத்துவிடலாம். அமைப்பைச் சோதித்த பிறகு ரீலோடு கொடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோடு நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளை அறுக்காது.

படி 5: இப்போது டிஎன்எஸ்

ஏ, ஏஏஏஏ இரண்டையும் மாற்றுங்கள். எஸ்பிஎஃப் ரெக்கார்டில் (உங்கள் டொமைன் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது) பழைய ஐபி எழுதியிருந்தால் புதியதையும் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் ஆர்டர் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் போய் விழும். பேமெண்ட் நிறுவனம் உங்கள் ஐபியைப் பதிவு செய்து வைத்திருந்தால் அங்கேயும் புது எண்ணைக் கொடுங்கள். இதை முந்தைய நாளே செய்துவிடுவது நல்லது. பழைய சர்வரில் கிரானை நிறுத்தி, புதியதில் தொடங்குங்கள்.

இரண்டு டெர்மினலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இரண்டு சர்வரின் அக்சஸ் லாகையும் (வரும் கோரிக்கைகளின் பதிவு) ஓட விடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பழைய பக்கம் வரிகள் வேகமாக ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விழும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எப்போதாவது ஒரு வரி வரும், பெரும்பாலும் ஏதாவது ஒரு போட் (தானியங்கி நிரல்). டிடிஎல்லை மதிக்காமல் பழைய பதிலையே சேமித்து வைத்திருக்கும் சில கேஷ்கள் மேலும் சில நாள் வந்துகொண்டிருக்கும், அதைப் பிராக்சி பார்த்துக்கொள்ளும்.

பிரச்சினை வந்தால் பின்வாங்கலாமா? புது டேட்டாபேஸில் ஓர் ஆர்டர் விழுந்த பிறகு, பழைய நகலுக்குத் திரும்பினால் அந்த ஆர்டர் போய்விடும். அதனால் திரும்புவதானால் முதல் சில நிமிடங்களிலேயே முடிவெடுங்கள்; அதைத் தாண்டினால் புது சர்வரிலேயே சரிசெய்யப் பாருங்கள்.

எல்லாம் அடங்கியதும் டிடிஎல்லை 3600க்கு ஏற்றுங்கள். புது சர்வரில் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒத்திகை பாருங்கள். பழைய சர்வரைக் குறைந்தது ஒரு வாரம் வைத்திருங்கள். பிறகு என்ஜின்எக்ஸை மட்டும் நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். யாரும் அழைக்கவில்லையென்றால் கடைசியாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு சர்வரை ரத்து செய்யலாம்.