மதுரையில் குடும்பத்தோடு மூன்று நாள்: காலையில் மலை, மாலையில் கோயில்

மதுரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொண்டுதான் திட்டம் போடுகிறார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். மீனாட்சியம்மன் கோயில் மதியம் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும், வெயிலும் சரியாக அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், நல்ல சாப்பாடோ இருட்டிய பிறகுதான் களைகட்டும். அதனால் விடிகாலையில் ஊருக்கு வெளியே, மதியம் அறையில் தூக்கம், மாலையில் ஊருக்குள். மூன்று நாளும் இப்படியே போனால் சின்னப் பிள்ளைகளும் அழாது, பெரியவர்களும் சோர மாட்டார்கள்.

போவதற்கு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரைத் திருவிழா பார்த்தே ஆக வேண்டிய ஒன்றுதான், ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள், பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும்.

அறையை ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் எடுங்கள். டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் எல்லா வகை பட்ஜெட்டுக்கும் லாட்ஜ் இருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஊருக்கு வெளியே நீச்சல் குளத்தோடு கிடைக்கும் ஹோட்டல் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மதியம் அறைக்கு வந்துவிட்டு மாலையில் திரும்பக் கிளம்புவது பெரிய வேலையாகிவிடும்.

முதல் நாள் மாலை கோயிலுக்கு. கோயிலைச் சுற்றி சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி என்று ஊரே சதுரம் சதுரமாக விரிகிறது. கிளம்பும் முன் ஒரு தாளில் வரைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, இப்போது எந்த வீதியில் நிற்கிறோம் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கால் வலிக்கிறது என்ற பேச்சே வராது. உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, அதையும் செருப்பையும் ஒரே வாசலில் கொடுத்துவிட்டு அந்தக் கோபுரத்தின் பெயரை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே பிரிந்துவிட்டால் போனில் கூப்பிட்டுத் தேட வழியில்லை. பொற்றாமரைக் குளத்துப் படியைச் சந்திக்கும் இடமாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள்தான், பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், எண்ணிப் பார்க்கட்டும். தூக்கம் தாங்குமென்றால் ராத்திரி பள்ளியறைப் பூஜை வரை இருங்கள். 9 மணிக்கு மேல் சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்கு மேளத்தோடும் புகையோடும் எடுத்து வருவார்கள். பகலில் ஓடி ஓடி எவ்வளவு பார்த்தாலும் அதற்கு ஈடாகாது.

இரண்டாம் நாள் விடிந்ததும் சமணர் மலை. ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடியில், ஆட்டோவில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும், சுனைக்கு மேலே பாறை முகத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். முட்டி வலி உள்ள பெரியவர்கள் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்திருக்கலாம், அங்கே நேரம் போவதே தெரியாது. 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சூடேறிவிட்டால் பிள்ளைகளுக்குக் கஷ்டம். கடை எதையும் நம்பாமல் தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மதியம் தூங்காத பிள்ளைகள் இருந்தால் புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று மிச்சம் இருப்பது ஒரு பகுதிதான், அதற்கே அந்தத் தூண்களை அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும்.

மகாலிலிருந்து விளக்குத்தூண் பக்கம்தான், அங்கே ஜிகர்தண்டா குடித்தே ஆக வேண்டும். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரண்டு பேருக்கு ஒன்று போதும். ராத்திரி, கறி சாப்பிடுகிறவர்கள் சிம்மக்கல் பக்கம் போய்க் கறி தோசை கேளுங்கள், தோசை மேல் முட்டை, அதன் மேல் மட்டன் என்று அடுக்கு அடுக்காக வரும், காரம் கூட என்பதால் சின்னவர்களுக்குப் பன் பரோட்டாவும் கலக்கியும் சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் கவலையே வேண்டாம், இந்த ஊரில் நடு ராத்திரிக்கும் சூடான இட்லி நாலு சட்னியோடு கிடைக்கும். தெருவில் பருத்திப் பால் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள், கருப்பட்டியும் சுக்கும் போட்டது, தாத்தா பாட்டிக்கு நிச்சயம் பிடிக்கும்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டையும் திணிக்க வேண்டாம். பச்சையும் மலையும் வேண்டுமென்றால் அழகர்கோயில், சுமார் 21 கிலோமீட்டர். கீழே பெருமாள், வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி, மலைப் பாதையில் பழமுதிர்சோலை, அதற்கு மேலே நூபுர கங்கை. பாட்டிகூட வரலாம், மேலே வரை வண்டி போகும். குரங்குகள் அதிகம், தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பிரசாதமாகக் கிடைக்கும் நெய் தோசையைத் தவறாமல் வாங்குங்கள், தடிமனாக, மொறுமொறுவென்று, ஒன்றை நாலு பேர் பகிர்ந்து தின்னலாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு கீழடிக்கு. ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டி 2023இல் திறந்த அருங்காட்சியகம். பெயர் கீறிய பானை ஓடுகள், தாயக்கட்டை, தந்தச் சீப்பு எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் தாயம் விளையாடியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொடைக்கானலை இந்த மூன்று நாளுக்குள் சேர்க்கச் சொல்லி வீட்டில் யாராவது கேட்பார்கள். ஒரு வழிக்கே சுமார் 120 கிலோமீட்டர், அதில் கணிசமான தூரம் வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதை, ஒரே நாளில் போய் வந்தால் பிள்ளைகள் வாந்தி எடுப்பதுதான் மிச்சம். அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்கிப் போங்கள். ஊர் திரும்ப மூன்றாம் நாள் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டால், மாலையில் மாசி வீதிகளில் துணிமணி வாங்கி, இட்லியைப் பார்சல் கட்டிக்கொண்டு, அறையைக் காலி செய்து நடந்தே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்.