கடையில் பளிச்சென்று இருந்த டிவி வீட்டில் ஏன் மங்குகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி விலைக்கழிவில் 65 அங்குல டிவி ஒன்றை வாங்கி, கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ இருக்கும் அடுக்குமாடி வீட்டு ஹாலில் மாட்டியதும் வரும் முதல் புகார்: "கடையில பார்த்த தெளிவு இங்க இல்லையே." அடுத்தது, சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி தெரிகிறது என்பது. மூன்றாவது, வசனம் கேட்கவில்லை, பாட்டு வந்தால் மட்டும் வீடே அதிர்கிறது என்பது. பழி எப்போதும் டிவி மேல்தான் விழும். ஆனால் பெரும்பாலும் டிவியில் பழுது எதுவும் இருக்காது. வாங்கிய அன்றைக்கு உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரு மணி நேர வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வாங்கும் இடத்தில்

நாடாவை எடுத்து ஹாலை அளக்காமல் கடைக்குப் போவது முதல் தவறு. அளக்க வேண்டியது சுவரின் அகலத்தை மட்டும் அல்ல, சோபாவில் உட்கார்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும்தான். முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே டிவிக்கு, திரையின் குறுக்களவைப் போல 1.2 மடங்கு முதல் 1.6 மடங்கு வரை தூரம் இருந்தால் கண்ணுக்கு இதம். 55 அங்குலம் என்றால் ஏறத்தாழ 1.7 முதல் 2.2 மீட்டர், 65 அங்குலம் என்றால் 2 முதல் 2.6 மீட்டர். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து 43 அங்குல 4கே டிவி பார்ப்பவருக்கு 4கே-க்குக் கொடுத்த காசு வீண். அந்தத் தூரத்தில் முழு எச்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்களை அப்படியே நம்புவது அடுத்த தவறு. 'மோஷன் ரேட் 120' என்று போட்டிருக்கும், உள்ளே இருக்கும் திரையோ 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கும். கேட்க வேண்டிய கேள்வி, "பேனலோட நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு?" என்பது. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் விஷயமும் இப்படித்தான். எச்டிஆர்10 சிக்னலை ஏற்றுக்கொள்வது வேறு, அதை ஒழுங்காகக் காட்டுவது வேறு. உச்ச ஒளிர்வு 300 நிட்ஸ் (திரை ஒளியின் அலகு) அளவிலேயே நின்றுவிடும் மலிவு டிவியில், திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங்கும் இல்லையென்றால், எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட இருட்டாகவே தெரியும். பலர் புலம்பும் 'இருட்டுக் காட்சியில ஒண்ணுமே தெரியல' என்பது இங்கேதான் தொடங்குகிறது.

நம் வீடுகளில் எல்லோரும் திரைக்கு நேர் எதிரே உட்காருவதில்லை. தாத்தா பக்கவாட்டு நாற்காலியில், பிள்ளைகள் தரையில், விருந்தாளி ஓரத்தில். எல்இடி டிவிகளில் வரும் திரை வகைகளில், விஏ வகைப் பேனல் நேரே பார்த்தால் நல்ல கறுப்பு காட்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் வகையும், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியும் பக்கவாட்டுப் பார்வையைத் தாங்கும். கடையில் நேரே நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். நாலு அடி நகர்ந்து நின்றும் பாருங்கள்.

காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மூலையில் நகராமல் நிற்கும் சேனல் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தடமாகப் பதியலாம். அத்தகைய வீட்டுக்கு நல்ல எல்இடி அல்லது, பின்னொளி விளக்குகள் மிகச் சிறியதாக இருக்கும் மினி எல்இடி போதும், மிச்சப் பணத்தில் சவுண்ட்பார் வாங்கலாம்.

சுவரில் மாட்டும்போது

கொண்டு வந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து, டிவியைப் போட்டு, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலத் திரைகளை யூடியூபில் ஓடவிட்டுப் பாருங்கள். விரிசலோ செத்த புள்ளியோ இருந்தால் அப்போதே தெரியும். பெட்டி திறப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. பெரிய டிவியை லிஃப்டில் படுக்க வைத்து ஏற்றக் கூடாது, நின்ற நிலையிலேயே போக வேண்டும். படுத்தால் அதன் சொந்த எடையிலேயே பேனல் வளையும்.

மாட்டும் உயரத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். அழகுக்காகவும், பிள்ளைகளின் கை எட்டக் கூடாது என்றும் உயரத்தில் ஏற்றிவிடுகிறோம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 சென்டிமீட்டரில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டரை மணி நேரப் படம் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். சாமி மேடைக்குப் பக்கத்திலும் மாட்டாதீர்கள். விளக்கின் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் பின்பக்கக் காற்றுத் துளைகளில் பிசுக்காகப் படியும், அதில் தூசி ஒட்டும், வெப்பம் வெளியேறாது.

படம்: முழு கவனமும் வேண்டிய இடம்

முதன்முதலில் போடும்போது 'வீடா, கடையா' என்று டிவி கேட்கும். கடை என்று தொட்டுவிட்டால் ஒளியும் நிறமும் உச்சத்தில் நிற்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் மாற்றிய அமைப்பு எதுவும் நிலைக்காது. 'மாத்தி மாத்தி வெச்சாலும் திரும்பிப் போயிடுது' என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

அடுத்து, 'விவிட்' எனும் படமுறை. பிரகாசமான கடை விளக்குகளுக்கு நடுவில் கண்ணைப் பறிப்பதற்கான முறை அது. வீட்டில் அதே முறையில் முகங்கள் நீலம் பாய்ந்து தெரியும், பட்டுப்புடவையின் சிவப்பு ஒரே திட்டாகிவிடும், ஜரிகைக் கோடுகள் கரைந்துபோகும். 'ஃபிலிம்மேக்கர் மோட்', 'சினிமா' அல்லது 'மூவி' முறைக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும். கண் நீலத்துக்குப் பழகியதன் விளைவு அது, மூன்றாம் நாள் சரியாகிவிடும். நிற வெப்பத்தை 'வார்ம்' பக்கம் வையுங்கள். ஷார்ப்னஸை ஏற்றினால் தெளிவு கூடும் என்று நினைப்பதும் தவறு, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் கூடும். பெரும்பாலான டிவியில் பூஜ்யத்தை ஒட்டி வைத்தால் சரி. சோனியில் மட்டும் 50தான் நடுநிலை.

'சீரியல் மாதிரி தெரியுது' என்ற புகாரின் வேர் வேறு. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்) எடுக்கப்படுகிறது. டிவி இடையிடையே தானாகவே புதுச் சட்டங்களை உருவாக்கிச் செருகி அசைவை வழுவழுப்பாக்குகிறது. சண்டைக் காட்சி ஒத்திகை பார்த்த மாதிரி ஆகிவிடுவது இதனால்தான். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்ற பெயரில் இது ஒளிந்திருக்கும். படத்துக்கு அணைத்துவிடுங்கள். பந்தாட்டம் பார்க்கும்போது வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

பிளேஸ்டேஷனோ 4கே பெட்டியோ இணைத்தும் எச்டிஆர் வரவில்லை என்றால், கேபிளைத் திட்டுவதற்கு முன் டிவியின் அமைப்பைப் பாருங்கள். பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளை முழு வேகத்தில் இயங்க, தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். சாம்சங்கில் அது 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்ட் ஃபார்மட்'. 4கே 120 ஹெர்ட்ஸ் விளையாட்டுக்கு எச்டிஎம்ஐ 2.1 துளையும் 48 ஜிபிபிஎஸ் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' கேபிளும் வேண்டும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிபிபிஎஸ் கேபிளே போதும். தங்க முலாம் பூசிய 200 வெள்ளிக் கேபிளால் படம் ஒரு துளிகூட மாறாது.

வசனம் கேட்கவில்லையா?

மெலிந்த டிவியின் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்கும், ஒலி சுவரில் மோதித்தான் நம்மிடம் வரும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு உரியது. அதை இரண்டே ஸ்பீக்கருக்குள் திணிக்கும்போது பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிடுகிறது. சவுண்ட்பார் வாங்குவதானால் நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ளதை, அதாவது 3.1 அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். 2.1 வாங்கினால் அதிர்வு கூடும், வசனம் அப்படியேதான் இருக்கும்.

வாங்கியபின் கேபிளை 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும், மற்றத் துளைகளில் செருகினால் டிவியின் ஒலி சவுண்ட்பாருக்குப் போகாது. டிவியின் ஒலி அமைப்பு 'பிசிஎம்' என்று இருந்தால் பல டிவிகளில் 5.1 வெறும் ஸ்டீரியோவாகச் சுருங்கிவிடும். 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். சப்வூஃபரை கான்கிரீட் தரையில் அப்படியே வைத்தால் கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போகும், அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள்.

300 எம்பிபிஎஸ் இணையம் இருந்தும் படம் நின்று சுற்றுவது ஏன்?

நெட்பிளிக்ஸ் 4கே-க்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். முழு எச்டிக்கு 5 போதும். எனவே படம் நின்று நின்று ஓடினால் உடனே பெரிய இணையத் திட்டத்துக்குத் தாவாதீர்கள். ஃபைபர் வாசலருகே வருவதால் ரவுட்டர் செருப்பு அலமாரிக்குள்ளேயே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தளர்ந்துவிடும், டிவி வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றுதான். முப்பது மாடிக் கொண்டோவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன.

சிறந்த மருந்து, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு கேட் 6 (Cat 6) லேன் கேபிள். கதவின் கீழ் நுழையும் தட்டைக் கேபிள்கூடக் கிடைக்கும். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான் என்று சிலர் பயமுறுத்துவார்கள், 15 கேட்கும் படத்துக்கு 100 தாராளம். உண்மை நிலவரம் அறிய, டிவியின் யூடியூபில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தொடுங்கள், இப்போது ஓடும் தெளிவு அதில் எண்ணாகவே தெரியும். நெட்பிளிக்ஸில் 4கே வரவில்லையென்றால் உங்கள் திட்டத்தையும் பாருங்கள். பிரீமியம் திட்டத்துக்கு மட்டுமே 4கே.

'எல்லாச் சேனலும் ஓசி' பெட்டி

தமிழ்ப் படம் அத்தனையும் வரும், மாதக் கட்டணம் கிடையாது என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டியை வாங்குவது, இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு. முறையான சான்று இல்லாத பெட்டியில் படத்தைத் திருடாமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பு, கடைசி நிலையான எல்3-இல்தான் இருக்கும். காசு கட்டிப் பார்க்கும் நெட்பிளிக்ஸ்கூட அதில் 480பி எனும் மங்கிய தெளிவில்தான் ஓடும். இதைவிடக் கொடியது, தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு (மால்வேர்) வரும் பெட்டிகள். 'பேட்பாக்ஸ் 2.0' எனும் தீநிரல் வலையைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. உங்கள் வீட்டு இணையத்தை யாரோ ஒருவர் திருட்டு வேலைக்குப் பயன்படுத்துவார், நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் கைப்பேசியும் அதே வைஃபையில்தான் இருக்கிறது. சட்டமும் கடுமையானது. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த மலேசியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வாங்கியே தீர வேண்டுமென்றால் கூகுள் சான்று பெற்ற பெட்டி, மலேசியத் தர அமைப்பான சிரிமின் முத்திரை, உள்நாட்டு உத்தரவாதம் மூன்றும் இருக்கட்டும். செய்தியும் உள்ளூர் நிகழ்ச்சியும் மட்டும் போதும் என்பவர்களுக்கு மைஃப்ரீவியூ எனும் இலவச டிஜிட்டல் டிவி சேவை இருக்கிறது. ஒரு சிறு யுஎச்எஃப் ஆன்டெனா போதும், மாதக் கட்டணம் இல்லை.

இடி மின்னல்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையானால் இடிமழை. சர்ஜ் புரொடெக்டர் வாங்கிவிட்டால் கவலையில்லை என்று இருப்பது தவறு. அது அதிகப்படி மின்னழுத்தத்தை எர்த் கம்பிக்கும் திருப்பிவிட வேண்டும், வீட்டில் எர்த் சரியில்லையென்றால் பாதுகாப்பு அரைகுறைதான். அதன் உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் தேயும். 'புரொடெக்டட்' விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் எக்ஸ்டென்ஷன். மின்னல் பிளக் வழியாக மட்டும் வருவதில்லை. டிஷ் கேபிளும், ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளும் கடத்தும். கழற்றுவதானால் மூன்றையும் கழற்றுங்கள்.

ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நுட்பம். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மொத்தம் நான்கு மணி நேரம் போலப் பார்த்தபின், அணைந்த நிலையில்தான் எல்ஜி போன்ற ஓஎல்இடிகள் திரையைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. மின்சாரம் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. பத்து நிமிடம் விட்டுச் சுவிட்சை அணையுங்கள். இடி நெருங்கிவிட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே கழற்றுங்கள்.

ரசீதையும் உத்தரவாத அட்டையையும் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள், வெப்பத் தாளில் அச்சான ரசீது ஒரு வருடத்திலேயே வெளுத்துவிடும். கடைக்காரர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.