அரிய போர்டில் கோப்பு நேரச் சோதனை தோற்றால் செய்யக்கூடாதவை

கோப்பு எப்போது மாறியது என்ற நேரத்தை ஒப்பிடும் சோதனை நிரல், லேப்டாப்பில் நூறு முறை ஓட்டினாலும் பாஸ் ஆகும்; ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகைச் சிப் உள்ள சிறு கணினிப் போர்டுகளில் மூன்றுக்கு ஒரு தடவை விழும். புதுச்சேரி, கடலூர் பக்கம் கல்லூரி லேப்களில் இந்தப் போர்டுகளைக் கையாளுகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது சிப்பைத்தான். பெரும்பாலும் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோப்பின் நேரம் வழியில் எங்கோ வெட்டுப்பட்டிருக்கும். எங்கே என்று பார்க்காமல் சோதனையைத் திருத்துவதுதான் மூலத்தவறு.

அதிகம் பேர் செய்வது, கோப்பை ஒரு முறை எழுதி, மறுமுறை எழுதுவதற்கு நடுவில் ஒரு விநாடி ஸ்லீப் (காத்திருப்பு) போடுவது. மெமரி கார்டு ஃபேட் என்ற பழைய கோப்பு ஃபார்மேட்டில் இருந்தால் அது உதவாது. ஃபேட்டில் மாற்றிய நேரம் 2 விநாடிக்கு ஒரு படியாகத்தான் பதிவாகும். விநாடியைக் குறிக்க 5 பிட்தான் இடம். ஒரு விநாடி இடைவெளி சில நேரம் அடுத்த படிக்குப் போகும், சில நேரம் அதே படியில் நிற்கும். அதனால் பிழை போகாது, எப்போதாவது மட்டும் தலைகாட்டும். அது இன்னும் மோசம். ஸ்லீப்பை எடுத்துவிட்டு, கோப்பின் நேரத்தை டச் கட்டளையாலோ, நிரலுக்குள் யூடைம் அழைப்பாலோ 10 விநாடி தள்ளி நீங்களே வையுங்கள். சோதனையும் வேகமாக முடியும்.

லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 ஃபார்மேட் என்றால் நானோவிநாடி உறுதி என்று நம்புவதும் தவறு. ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் நேரம் முதலிய விவரம் இருக்கும் பதிவு) அளவு 128 பைட் என்றால் முழு விநாடிதான். 256 இருந்தால்தான் நானோவிநாடி. பழைய ஃபார்மேட் கருவிகள் 512 எம்பிக்குக் குறைந்த பார்ட்டிஷனுக்கு 128-ஐயே வைத்தன. போர்டில் ஏற்றும் எம்பெடட் இமேஜ்களில் (சிஸ்டம் தொகுப்புகளில்) மாட்டுவது இதுதான். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் ஐநோட் அளவு வரியைப் பாருங்கள். அதற்கு முன், கோப்பின் நேரத்தைக் காட்டும் ஸ்டாட் கட்டளையில் புள்ளிக்குப் பின் வரும் ஒன்பது இலக்கமும் எல்லாக் கோப்புக்கும் பூஜ்யமா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது பலருக்கும் புரியாத இடம். நிரல் கடிகாரத்தைப் படிக்கிறது: 20.1274 விநாடி. உடனே கோப்பை எழுதுகிறது. கோப்பின் நேரம்: 20.1213. எழுதுவதற்கு முன்பே எழுதியாகிவிட்டதா? இல்லை. லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) கோப்புக்கு நேரம் குத்தும்போது பெரும்பாலும் நுண்ணிய கடிகாரத்தைப் படிக்காமல், கடைசி டிக்கில் (சீரான இடைவெளியில் வரும் துடிப்பில்) எடுத்து வைத்த நேரத்தைப் போடும். டிக் வேகம் விநாடிக்கு 1000 என்றால் 1 மில்லிவிநாடி, 250 என்றால் 4, 100 என்றால் 10 மில்லிவிநாடி வரை பின்தங்கும். 100-இல் கட்டிய கெர்னல் உள்ள போர்டில் தோற்பது இதனால்தான். கடிகாரத்தோடு கோப்பை ஒப்பிடாதீர்கள். அதே டைரக்டரியில் ஓர் அடையாளக் கோப்பை முதலில் எழுதி, கோப்போடு கோப்பை ஒப்பிடுங்கள். நெட்வொர்க் வழியே இன்னொரு கணினியின் டிஸ்கை இணைக்கும் என்எஃப்எஸ் மவுண்டில் நேரம் சர்வருடையது என்பதால் அங்கேயும் இதுவே வழி.

பைத்தானில் நேரத்தை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) எடுத்தால் கடைசி இலக்கங்கள் கரையும். நானோவிநாடி முழு எண்ணாகவே எடுங்கள்.

கடிகாரமே தவறாக இருப்பது தனிக் கதை. ராஸ்பெரி பை 4 வரை போர்டில் கரண்ட் இல்லாதபோதும் நேரம் காக்கும் சிப் கிடையாது. பை 5-இல் உண்டு, பேட்டரி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். புயல் மாதத்தில் கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து போர்டு எழும். நெட் கிடைத்ததும் மணிக்கணக்கில் முன்னே குதிக்கும். அந்த இடைவெளியில் சோதனையைத் தொடங்காதீர்கள். நிரலைக் கட்டும் மேக் கருவி "எதிர்கால நேரம்" என்று எச்சரித்தால் அதைக் கடந்து போகவும் வேண்டாம்.

சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் வந்தால் யோசிக்கவே வேண்டாம்: ஃபேட் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, போர்டு யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. மவுண்ட் செய்யும்போது (கார்டை இணைக்கும்போது) நேர ஆஃப்செட் 330 நிமிடம் கொடுத்தால் சரியாகும்.

கோப்பைக் கடைசியாகப் படித்த நேரத்தைச் சோதிப்பதாக இருந்தால், அந்த நேரத்தைப் பதியாத நோஏடைம் மவுண்டா என்று பாருங்கள். ராஸ்பெரி பை ஓஎஸ் அப்படித்தான் வருகிறது. 32 பிட் போர்டில் 2038 ஜனவரி 19-க்குப் பிந்தைய தேதி வைத்தால் நேரத்தை வைக்கும் டைம்டி வகைக்கு எத்தனை பிட் என்று பாருங்கள்; 32 பிட் என்றால் அந்தத் தேதி அடங்காது. 128 பைட் ஐநோட்டிலும் அதே எல்லைதான்.

கடைசியாக, "ஆர்ம் என்றால் ஸ்கிப்" என்று எழுதிவிடாதீர்கள். அதே போர்டில் 256 பைட் ஐநோட் உள்ள டிஸ்க் மாட்டினால் சோதனை ஓட வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு கோப்புக்கு ஒற்றைப்படை விநாடியும் 123456789 நானோவிநாடியும் வைத்துத் திரும்பப் படியுங்கள். எந்த இலக்கம் வரை அப்படியே திரும்பி வருகிறதோ, அந்த நுணுக்கத்தில் மட்டும் ஒப்பிடுங்கள்.