ஃபால்கனரின் கப்பல் அகராதியில் சொல் தேடுவது எப்படி?

18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கப்பல் குறிப்புகளைப் படிக்க உட்கார்ந்தால், இன்றைய அகராதிகள் பாதிச் சொல்லுக்குக் கைவிரித்துவிடும். எனக்குக் கைகொடுத்தது வில்லியம் ஃபால்கனர் 1769இல் லண்டனில் வெளியிட்ட ஆங்கிலக் கப்பல் அகராதி. (அதே வருடம் 'அரோரா' கப்பலில் இந்தியாவுக்குக் கிளம்பினார் மனிதர். நன்னம்பிக்கை முனையைத் தாண்டியபின் அந்தக் கப்பல் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது.)

படி 1. பக்கப் படங்கள் உள்ள பிடிஎஃப்பாக இறக்குங்கள். வெறும் எழுத்துக் கோப்பு வேண்டவே வேண்டாம். 1815இல் வில்லியம் பர்னி என்பவர் விரித்தெழுதிய பதிப்பும் கண்ணில் படும். அது வேறு காலத்துச் சரக்கு.

படி 2. பிரெஞ்சுச் சொல்லை நூலின் கடைசிப் பகுதியில் பாருங்கள். அங்கே கிடைக்கும் ஆங்கிலச் சொல்லோடு முன்பகுதிக்கு வந்தால் முழு விளக்கமும் இருக்கும்.

படி 3. வில்லங்கமே இங்கேதான். 'செயில்' (sail, பாய்) என்று தேடினால் பெரும்பாலும் வராது. 'ஃபெயில்' (fail) என்று தேடுங்கள், கொட்டும்! அந்தக் காலத்து அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' நீளமாக, கிட்டத்தட்ட 'எஃப்' மாதிரியே இருக்கும். கணினியும் அப்படியே படித்துத் தொலைக்கிறது. உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: 'எஃப்'பின் குறுக்குக்கோடு தண்டைத் தாண்டிப் போகும், நீள 'எஸ்'ஸில் இடப்பக்கம் சின்ன முள் மட்டும்தான், சிலசமயம் அதுவும் இருக்காது. சொல்லின் கடைசியில் வருவது நம் வழக்கமான 'எஸ்'தான். ஆகவே 'மாஸ்ட்ஸ்' (masts, பாய்மரங்கள்) வேண்டுமானால் முதல் 'எஸ்'ஸை மட்டும் மாற்றுங்கள். சில ஸ்கேன்களில் சரியாகவே பதிந்திருக்கும் என்பதால் இரண்டு விதமாகவும் தேடுவது நல்லது.

படி 4. ஒலியை வைத்து ஊகிக்காதீர்கள். பிரெஞ்சு 'மிசேன்' முன்பாய்மரம். ஆங்கில 'மிசன்' பின்பாய்மரம். பிரெஞ்சில் பின்பாய்மரத்துக்கு 'ஆர்ட்டிமோன்' என்று பெயர்.

ஆழ அளவிலும் உஷார். பிரெஞ்சு 'பிராஸ்' 5 பிரெஞ்சு அடி, சுமார் 1.62 மீட்டர். ஆங்கில 'ஃபேதம்' 6 ஆங்கில அடி, 1.83 மீட்டர். 20 பிராஸை 20 ஃபேதமாக எழுதினால் கடல் 4 மீட்டர் கூடுதலாக ஆழமாகிவிடும்.

பின்சேர்க்கை: கப்பலின் இடப்பக்கத்துக்கு 'போர்ட்' என்று தேடினால் சரியான விளக்கம் கிடைக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'லார்போர்ட்' என்று பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படை அந்தச் சொல்லைக் கைவிட்டது 1844இல்தான். பிரெஞ்சுப் பக்கம் 'பாபோர்'. பழைய எழுத்துக்கூட்டில் நடுவே ஒரு 'எஸ்' உண்டு, இரண்டு துண்டாகவும் பிரித்து அச்சிட்டிருப்பார்கள்.