பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நம்பகமான மெக்கானிக்கைப் பிடிப்பது எப்படி

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பணம் கரைவது எங்கே என்று பார்த்தால், கெட்டுப்போன பாகத்துக்குக் கொடுத்த தொகை பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் கெடாத நாலு பாகங்களை மாற்றியிருப்பார்கள். செலவு அங்கேதான் போயிருக்கும். அதனால் மெக்கானிக்கிடம் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கழற்றுவதற்கு முன் அளக்கிறாரா? பேச்சு, சிரிப்பு, கடையின் பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் உங்கள் காரைப் படியுங்கள்

தயாரிப்பு ஆண்டு, என்ஜின் குறியீடு, அந்த மாடலுக்கே உரிய பிரபலமான கோளாறுகள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் தேடக் கிளம்ப வேண்டும்.

போர்ஷே 944 என்றால் டைமிங் பெல்ட்டும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டும். அந்த என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். பெல்ட்டின் இழுவை சரியாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்து முடிப்பவர் இந்தக் காருக்கு வேண்டாம். 1997 முதல் 2008 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களில் பலவற்றுக்கு இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் (கேம்ஷாஃப்ட்டுகளுக்கு ஓட்டம் தரும் தண்டின் பேரிங்) ஒரு கவலை. அது போனால் என்ஜினே போகலாம். 1992–96 கார்வெட்டின் எல்டி1 என்ஜினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. பம்ப் கசிந்தால் தண்ணீர் நேராக அதன் தலையில்தான் சொட்டும். பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் பொருந்தும் இடத்தில் தரைத்தகடு விரிசல் விடும்.

இந்தத் தாள் நீங்களே பழுது பார்ப்பதற்கு அல்ல, மெக்கானிக்கின் அறிவை எடைபோடுவதற்கு. "இந்த மாடலில் வழக்கமாக என்ன போகும்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தக் காரைக் கழற்றிப் பூட்டியவர் உங்கள் தாளில் இருப்பதைத் தானாகவே சொல்வார், கூடவே தாளில் இல்லாத ஒன்றையும் சொல்வார். "எல்லா காரும் ஒண்ணுதான் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள்

"ஃப்யூயல் பம்ப் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று போனால் பம்ப்பை மாற்றித்தான் கொடுப்பார்கள். கோளாறு அப்படியே இருந்தால் அவர்மேல் குற்றமில்லை. என்ஜின் சூடா, குளிரா, எத்தனை ஆர்பிஎம், எந்த கியர், வளைவில் வருகிறதா, பிரேக் மிதிக்கும்போதா, மழைநாளில் மட்டுமா என்று தேதி போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். சத்தம் என்றால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 1970, 80-களின் போர்ஷே 911, ஃபெராரி 308 போன்ற பல கார்களில் பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற, பெட்ரோலை இயந்திர முறையில் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் இருந்தது. காலையில் ஒரே சுற்றில் என்ஜின் பிடிக்கும். ஓட்டிவிட்டு நிறுத்தி, 20 நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. காரணம் பெரும்பாலும் இதுதான்: என்ஜினை நிறுத்தியபின்னும் பெட்ரோல் குழாய்களில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பவை அக்யூமுலேட்டரும் பம்ப்பில் இருக்கும் ஒருவழி வால்வும்.

தெரிந்தவர் பிரஷர் கேஜை மாட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனிப்பார். சீக்கிரம் விழுந்தால், ஒவ்வொரு பாதையாக அடைத்துப் பார்த்து எங்கே கசிகிறது என்று பிடிப்பார். வேலை ஒரு மணி நேரத்துக்கு உள்ளேதான். கேஜ் இல்லாதவர் பேட்டரியை மாற்றுவார், பிறகு ஸ்டார்ட்டரை, பிறகு பம்ப்பை. மூன்று பில்லுக்குப் பிறகும் கார் சூட்டில் பிடிக்காது.

எங்கே தேடுவது

அதே மாடலை வைத்திருப்பவர்களின் சங்கம்தான் முதல் இடம். ஆனால் "நல்ல மெக்கானிக் யார்?" என்று கேட்காதீர்கள். நேற்று காரை எடுத்துவந்தவருக்கு இன்று எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். "உங்கள் கிளட்ச்சை யார் மாற்றினார்? எந்த வருஷம்? அதன்பின் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது? மறுபடி கொண்டுபோக வேண்டி வந்ததா?" என்று கேளுங்கள். ஒரே பெயர் மூன்று பேர் வாயிலிருந்து வந்தால் அது கணக்கில் சேரும்.

பலரும் யோசிக்காத இன்னோர் இடம் என்ஜின் ரீபோர் செய்யும் லேத் பட்டறை. எந்த மெக்கானிக்கின் சிலிண்டர் ஹெட் சுத்தமாக, அளவு எழுதிய சீட்டோடு வருகிறது, யாருடையது சாக்கில் கட்டி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். "உங்கள் சொந்தக் காரை யாரிடம் விடுவீர்கள்?" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவரும் அப்படித்தான். யார் பொருளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து மாற்றுகிறார் என்பது அவர் கணக்கில் இருக்கும்.

எல்லா வேலைக்கும் நிபுணர் தேவையில்லை. பிரேக், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங் எல்லாம் கவனமான சாதாரண மெக்கானிக்கே செய்வார். இன்ஜெக்‌ஷன், ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டரை இணைத்துச் சரிசெய்வது, என்ஜினையோ கியர்பாக்ஸையோ திறப்பது இவற்றுக்குத்தான் அந்தக் குடும்பத்துக் கார்களிலேயே கை பழகியவர் வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சிறப்புக் கருவிகளும் பார்ட்ஸ் பட்டியலும் கிடைக்கலாம். ஆனால் அங்கே வேலை செய்பவர் ஸ்கேனரோடு வளர்ந்த தலைமுறை. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும்தான் ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் பொதுவான ஏற்பாடான ஓபிடி-2 கட்டாயமானது. அதற்கு முந்திய காரில் அந்த ஸ்கேனரை மாட்ட இடமே இல்லாமல் இருக்கலாம்.

நேரில் போய்ப் பாருங்கள்

முன்கூட்டிச் சொல்லாமல், காரை எடுக்காமல், ஒருமுறை போய் நில்லுங்கள். உங்கள் மாடலோ அதன் சகோதரனோ அங்கே நிற்கிறதா? நிற்கிற கார்களின் மேல் எவ்வளவு தூசி? டயரில் காற்று இறங்கி, கண்ணாடியில் விரலால் எழுதலாம் என்ற நிலையில் நாலைந்து கார் இருந்தால் உங்களுடையது ஆறாவது ஆகும். கழற்றிய போல்ட்டுகள் பெயர் எழுதிய பைகளில் இருக்கின்றனவா, ஒரே டப்பாவில் குவிந்து கிடக்கின்றனவா? சக்கர நட்டை இறுக்கும்போது கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) எடுக்கிறார்களா, ஏர் கன்னால் அடித்து விட்டுவிடுகிறார்களா?

காரைத் தூக்கும் விதத்தை அவசியம் கவனியுங்கள். லோட்டஸ் எலீஸின் சட்டகம் அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிக் கட்டியது. குறித்த இடம் தவிர வேறெங்கு ஜாக்கி வைத்தாலும் சேதம்தான். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5-கள் பலவற்றில் பக்கவாட்டு விளிம்பு மடிந்திருப்பதைப் பார்க்கலாம். எல்லாம் ஜாக்கியின் வேலை. நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை வைத்துத் தூக்குகிறவர் இதைத் தெரிந்தவர்.

அளக்கத் தெரியுமா என்று கேட்டறிய ஒரு கேள்வி போதும்: "கம்ப்ரஷன் எப்படிப் பார்ப்பீர்கள்?" என்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்த எண்ணையும் எழுதுவேன் என்று பதில் வர வேண்டும். எண்கள் ஒன்றுக்கொன்று சுமார் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்ப்பார். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இன்னும் தேர்ந்தவர் லீக்-டவுன் டெஸ்ட் பற்றிப் பேசுவார். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திவிட்டு அது எங்கே வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது அது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். மஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அதில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டருக்கு மூன்று முகம், ஆகவே ஒரு ரோட்டருக்கு மூன்று எண் வர வேண்டும். சாதாரண கேஜ் மூன்றில் பெரியதை மட்டும் காட்டி, ரோட்டரின் முனையில் தேய்ந்த ஏபெக்ஸ் சீலை மறைத்துவிடும். ரோட்டரிக்கான கருவி இல்லாதவரிடம் அந்த என்ஜினைப் பற்றிய தீர்ப்பை வாங்காதீர்கள்.

சின்ன வேலை கொடுத்துச் சோதியுங்கள்

முதல் வேலையே என்ஜின் ஓவர்ஹால் என்றிருக்கக் கூடாது. பிரேக் ஃப்ளூயிட் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பார்க்க எளிய வேலை, ஆனால் பழைய காரில் அதற்கு ஒரு பக்குவம் உண்டு. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் பல வருஷமாகப் போகாத, துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழியும். நேற்று வரை நன்றாக இருந்த பிரேக் மறுநாள் மெல்ல இறங்கும். இதை அறிந்தவர் பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைப்பார், அல்லது பிரஷர் கருவியால் தள்ளுவார். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டு, இந்தப் பதில் வருகிறதா பாருங்கள்.

ஆயில் மாற்றச் சொன்னால், பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மேலே சொன்ன பாக்ஸ்டருக்கும் 911-க்கும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கேட்காமலே அவர் கவனித்தது என்ன என்பதுதான் இந்தச் சோதனையின் பாதி மதிப்பு. வெடித்த பெட்ரோல் ஹோஸைப் பார்த்துச் சொன்னாரா? டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படித்தாரா? 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் வேகமாகப் போகக் கூடாது. நல்லவர் தரும் பட்டியலுக்கு ஒரு வரிசை இருக்கும்: உயிருக்கு ஆபத்தானது முதலில், என்ஜினைக் கெடுப்பது அடுத்து, பொறுக்கக்கூடியது கடைசியில். எல்லாமே அவசரம் என்று வரும் பட்டியலை நம்பாதீர்கள்.

பணப் பேச்சு

கோளாறு கண்டுபிடிக்கும் நேரத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்கச் சம்மதியுங்கள். இதில் கை இறுக்கினால், அவர் அந்த நேரத்தைப் பார்ட்ஸ் விற்றுத்தான் ஈட்ட வேண்டியிருக்கும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, இந்தத் தொகையைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். கழற்றிய பாகம் எல்லாம் கைக்கு வர வேண்டும் என்பதையும் முன்பே சொல்லுங்கள். 30 வருஷக் காரில் துருப்பிடித்த ஸ்டட் முறியும். அதனால் காரைப் பார்க்காமலே ஒரே தொகையாக உறுதி சொல்பவரைவிட, "இது முதல் இது வரை ஆகலாம், இன்ன போல்ட் முறிந்தால் இவ்வளவு கூடும்" என்பவர் உண்மை பேசுகிறார்.

"அதைக் கழற்றும்போதே இதையும்" என்ற பேச்சு எப்போதும் ஏமாற்று அல்ல. டைமிங் பெல்ட்டுக்குப் போனால் டென்ஷனர், கிராங்க் சீல், கேம் சீல், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் இவற்றை மாற்றுவது நியாயம், கூலி ஒன்றுதானே. கிளட்ச்சுக்காக கியர்பாக்ஸ் இறங்கினால் பின்பக்க மெயின் சீலையும், அந்த போர்ஷேக்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்கையும் பார்ப்பது புத்திசாலித்தனம். அதே சாக்கில் ஆல்டர்னேட்டரையும் மாற்றலாம் என்றால், அதன் வோல்டேஜ் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள்.

பார்ட்ஸில் ஒரு விஷயம். பழைய கையிருப்பிலிருந்து பெட்டி பிரிக்காத ஒரிஜினல் என்று சொல்லி விற்கும் ரப்பர் சாமான் காரின் வயதே ஆனதாக இருக்கும். உலோகப் பாகத்துக்கு அது வரம். ஹோஸ், சீல், பெல்ட் மூன்றும் புதிதாகச் செய்ததாகவே இருக்கட்டும்.

ஸ்கேனரில் வந்த குறியீட்டைப் பார்த்து உடனே சென்சார் மாற்றச் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஆக்ஸிஜன் சென்சார் சொல்கிறது என்றால், அது உள்ளதைத்தான் சொல்கிறது. வெடித்த வேக்கம் ஹோஸ் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம். புகை விட்டுப் பார்க்கும் கருவி அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

காரை எடுக்கப் போகும்போது

முடிந்தால் என்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போய், அவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் மறைந்து குளிரில் வரும் கோளாறு உண்டு. ஆயில் மட்டம், கூலன்ட் மட்டம், பெட்ரோல் வாடை பாருங்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முள் வழக்கமான சூட்டுக்கு வந்து ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும் வரை ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அடியில் ஒரு அட்டையை விரித்து, பில் போடும் நேரம் வரை விட்டுவைத்துப் பாருங்கள்.

பில்லில் "என்ஜின் வேலை" என்று ஒற்றை வரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பாகம், என்ன எண், எத்தனை மணி நேரம், சோதனையில் வந்த அளவு என்ன என்று எழுதி வாங்குங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். 944-க்குப் புது பெல்ட் போட்டிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் இழுவையைத் திரும்பப் பார்க்கும் தேதியை அன்றே குறித்து வாங்குங்கள். அந்தத் தேதிக்கு அவரே போன் செய்து கூப்பிட்டால், அடுத்த பெரிய வேலையையும் அவரிடமே கொடுக்கலாம்.